இரட்டைப் படத்தில் ஒரு பாதி

கே.கே. நகரில் ஹவுஸிங் போர்டு குடியிருப்பு ஒன்றின் மூன்றாவது மாடியில், நான்கு மாதங்களுக்கு முன், இன்னும் வெளிவராத ஒரு பத்திரிகையைப் பற்றி இரண்டு நண்பர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். இலக்கியப் பத்திரிகை அல்ல. ஸ்டீரியோ புகைப்படங்களுக்கான பத்திரிகை. ஒரே காட்சியை நம் இரு கண்களுக்கும் உள்ள இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து, அருகருகே வைத்து, ஒவ்வொரு கண்ணும் தனக்குரிய படத்தை மட்டும் பார்க்கும்படி செய்தால் காட்சி ஆழத்தோடு எழுந்து நிற்கும் அல்லவா, அந்தப் படங்களுக்கானது. பதினாறு பக்கங்கள், மூன்று மாதத்திற்கு ஒன்று, நூறு பிரதிகள் என்று திட்டம்.

இருவரில் ஒருவர் இந்தப் படங்களை எடுக்கிறவர். ஓர் அலுமினியப் பட்டையில் இரண்டு காமிராக்களைத் திருகி வைத்துக்கொண்டு முப்பது வருஷமாக அலைகிறவர். இன்னொருவர் ஒரு படம்கூட எடுத்ததில்லை. பழைய ஸ்டீரியோ அட்டைகளைத் தேடிச் சேர்ப்பவர், அவற்றின் பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பவர். பத்திரிகை யாருக்காக என்பதுதான் சண்டை.

"ஸார், நாளைக்குக் காலையில நான் காமிராவை எடுத்துக்கிட்டு சிவன் பார்க்குக்குப் போறப்போ எனக்கு உபயோகப்படாத பக்கம் ஒண்ணுகூட அதுல இருக்கக் கூடாது" என்றார் எடுக்கிறவர். "நீங்க எடுக்கறதை நாளைக்கும் எடுக்கலாம், நாளான்னைக்கும் எடுக்கலாம். 1858-ஐ யார் எடுப்பா? அதைப் பத்தித் தமிழ்ல நாலு பக்கம் இருக்கா, சொல்லுங்க" என்றார் சேர்ப்பவர். இரண்டு பத்திரிகைகளை நடத்தி நிறுத்திய அனுபவம் உள்ளவன் என்ற தகுதியில் என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். பாதிப் பாதி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கிவிட்டேன்.

அது கோழைத்தனமான பதில் என்று பிறகு பட்டது. இந்தக் கட்டுரை அதைத் திருத்திக்கொள்ளும் முயற்சி. புகைப்படக்காரர்களின் தகராறுக்குக் கவிதைப் பத்திரிகையில் என்ன வேலை என்று கேட்கலாம். பெயர்களை மாற்றிப் போட்டால் இது நம்முடைய தகராறு. நாம்தான் அதை எதிர்கொள்ளாமல் பாதிப் பாதி என்று ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

*

முதலில் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஸ்டீரியோ படம் என்ற கருத்து புகைப்படத்திற்கு முந்தியது. சார்லஸ் வீட்ஸ்டன் தன் ஸ்டீரியாஸ்கோப்பைப் பற்றிய கட்டுரையை லண்டன் ராயல் சொசைட்டியில் வெளியிட்டது 1838-இல். டாகேரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். வீட்ஸ்டன் பயன்படுத்தியவை கோட்டுச் சித்திரங்கள். ஒரு கனசதுரத்தை இடக்கண் எப்படிப் பார்க்கும், வலக்கண் எப்படிப் பார்க்கும் என்று தனித்தனியே வரைந்து, இரண்டு கண்ணாடிகள் மூலம் இரண்டு கண்களுக்கும் காட்டினார். கனசதுரம் எழுந்து நின்றது. 1849-இல் டேவிட் ப்ரூஸ்டர் கண்ணாடிகளுக்குப் பதில் லென்ஸ்களை வைத்து ஒரு சிறு பெட்டியாக அதைச் சுருக்கினார். 1851 லண்டன் பொருட்காட்சியில் விக்டோரியா மகாராணி அதைப் பார்த்து வியந்தபின் பெட்டியும் அட்டையும் வீட்டுக்கு வீடு போயின. அமெரிக்காவில் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் 1861-இல் கையில் பிடித்துப் பார்க்கும் எளிய கருவியைச் செய்து, அதற்குக் காப்புரிமை வாங்காமல் விட்டார். நம் தலைமுறையில் பலருக்கு இது வ்யூ மாஸ்டராக அறிமுகம். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் வெளிவந்தது. வட்டத் தகட்டில் பதினான்கு சிறு படங்கள், அதாவது ஏழு ஜோடிகள்.

இதில் எனக்கு முக்கியமாகப்படுவது ஒன்றுதான். ஆழம் அட்டையில் இல்லை. இடப்பக்கப் படத்தில் இல்லை, வலப்பக்கப் படத்திலும் இல்லை. அட்டையை வெறுமனே பார்த்தால் ஒரே படத்தை எதற்கோ இரண்டு தடவை அச்சடித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். இரண்டுக்கும் உள்ள மிகச் சிறிய வித்தியாசத்தைப் பார்ப்பவனின் மூளை வாங்கி, சமன் செய்து, மூன்றாவதாக ஒன்றை உண்டாக்குகிறது. அந்த மூன்றாவதுதான் படம். பார்க்கிற நேரம் மட்டுமே அது இருக்கிறது. கண்ணை எடுத்தால் இல்லை.

இரண்டு பாதிகளையும் இடம் மாற்றி ஒட்டிவிட்டால் என்ன ஆகும் என்று எடுக்கிற நண்பர் ஒரு நாள் காட்டினார். ஒரு கோபுரப் படம். முன்னால் வர வேண்டிய சுதைச் சிற்பங்கள் உள்ளே குழிந்து போயின. துவாரபாலகர்கள் அச்சு வார்ப்புப் பள்ளங்கள்போல் தெரிந்தார்கள். வானம் கோபுரத்துக்கு முன்னால் வந்து நின்றது. படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. தகவல் அத்தனையும் சரி. வரிசை மட்டும் தப்பு.

*

வரலாற்றுக்காரரின் கட்சியைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அது பலமான கட்சி.

லினேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1857 இறுதியிலும் 1858 முற்பகுதியிலும் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அந்தப் படங்கள் 1858-இல் தொகுதிகளாக வெளிவந்தன. பெரிய படங்களின் தொகுதிகள் பிரசித்தம். அவற்றோடு மதுரையின் ஸ்டீரியோ படங்கள் ஒரு தொகுதியாகவும், திருச்சி தஞ்சை வட்டாரத்தின் ஸ்டீரியோ படங்கள் இன்னொரு தொகுதியாகவும் வந்தன என்பது பலருக்குத் தெரியாது. ஹோம்ஸ் தன் கைக்கருவியைச் செய்வதற்கு மூன்று வருஷம் முன்பே, மீனாட்சி கோயில் மண்டபங்கள் ஆழத்தோடு எடுக்கப்பட்டுவிட்டன. 1859-இல் சென்னைக்கு ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இது அரசாங்கம் ஏற்கத் தகாத ஆடம்பரம் என்று கருதி அந்த வேலையை நிறுத்திவிட்டார். 2014-இலும் 2015-இலும் வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் லண்டனிலும் டிரைப்பின் படங்களுக்குப் பெரிய கண்காட்சி நடந்தது. மதுரைக்காரர்களும் தஞ்சாவூர்க்காரர்களும் தங்கள் ஊரைப் பார்க்கக் கடல் கடந்து போக வேண்டியிருந்தது.

சேர்க்கிற நண்பரின் வாதம் இதிலிருந்து பிறக்கிறது. மற்ற நாடுகளில் பல்கலைக்கழகமும் மியூசியமும் செய்கிற வேலையை இங்கே யாரும் செய்யப் போவதில்லை. பொழுதுபோக்குக்காரனின் பதினாறு பக்கப் பத்திரிகைதான் செய்ய வேண்டும். அதுவும் செய்யாவிட்டால், பழைய அட்டை எடைக்குப் போகும். பாட்டியின் பெட்டியிலிருந்து வந்த அட்டையை இரண்டாக வெட்டி ஒரு பாதியை ஃப்ரேம் போட்ட வீட்டை அவர் பார்த்திருக்கிறார். ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டதற்கு, ரெண்டும் ஒண்ணுதானே ஸார் என்று பதில் வந்ததாம். இந்த அறியாமையை எதிர்த்து எழுதப்படும் ஒவ்வொரு பக்கமும் ஓர் அட்டையைக் காப்பாற்றும் என்கிறார். மறுக்க முடியாது.

இன்னொன்றும் சொன்னார். எடுக்கிறவர்களுக்கு ஞாபகம் கிடையாது. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது முப்பரிமாணத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். 1984-இல் மலையாளத்தில் 'மை டியர் குட்டிச்சாத்தான்' இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமாக வந்தது. அடுத்த வருஷமே தமிழில் 'அன்னை பூமி'. தியேட்டரில் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முகத்துக்கு நேரே நீளும் பொருள்களைத் தொடக் கை நீட்டினோம். அவ்வளவு சீக்கிரம் அது ஓய்ந்தும் போயிற்று. முகத்துக்கு நேரே பொருளை நீட்டுவது இந்தக் கலையின் மிகப் பழைய சபலம், அதில் மயங்கியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி அலுத்துப் போனார்கள் என்று வரலாறு தெரிந்தவன் சொல்லியிருப்பான் என்பது அவர் கட்சி.

*

எடுக்கிறவரின் கட்சி இவ்வளவு கோர்வையாகச் சொல்லப்படவில்லை. எடுக்கிறவர்கள் பொதுவாகவே வாதத்தில் தோற்பவர்கள். அவர் ஒரு பழைய ரசீதுப் புத்தகத்தைக் காட்டினார். ரசீதுகளின் பின்பக்கத்தில் குறிப்புகள். மிக அருகில் உள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்குதான் இரண்டு லென்ஸுக்கும் உள்ள இடைவெளி. ஆகவே 6.5 செண்டிமீட்டர் இடைவெளியில் எடுத்தால் சுமார் 2 மீட்டருக்குள் எதுவும் வரக் கூடாது. அசையாத பொருளுக்கு ஒரே காமிரா போதும். இடது காலில் எடையை ஊன்றி ஒன்று, வலது காலுக்கு மாற்றி ஒன்று. இலை அசைந்தால் போச்சு. தண்ணீரில் வெயில் மினுங்கினால் ஒரு கண்ணுக்கு மட்டும் மினுங்கும், படம் அரிக்கும். புத்தகத்தில் அச்சிடும்போது இரண்டு படங்களின் மையங்களுக்கிடையே 6.5 செண்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, போனால் கருவி இல்லாமல் வெறும் கண்ணால் சேர்த்துப் பார்க்க முடியாது.

இவற்றை அவர் எங்கே படித்தார் என்று கேட்டேன். பாதி, தப்பாக எடுத்துக் கற்றவை. மீதி, வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த பழைய பத்திரிகைகளின் ஓரப் பத்திகளில். அமெரிக்காவில் 1974-இல் தொடங்கிய தேசிய ஸ்டீரியோ சங்கம் 'ஸ்டீரியோ வோர்ல்ட்' என்ற பத்திரிகையை நடத்தி வந்திருக்கிறது. அதில் பழைய அட்டைகளின் வரலாறும் இன்றைய படங்களும் சேர்ந்தே வந்திருக்கின்றன. அவரிடம் இருந்த இதழ்களில் அழுக்கான பக்கங்கள் எவை என்று பார்த்தாலே அவர் கட்சி புரிகிறது. வரலாற்றுக் கட்டுரைகள் புதுக் கருக்கழியாமல் இருந்தன. ஸ்லைடை எப்படி ஒட்டுவது என்ற அரைப் பக்கம் மடிப்பில் கிழிந்திருந்தது.

பிரிட்டனில் 1893-இல் தொடங்கப்பட்ட ஸ்டீரியோ சங்கம் ஒன்று உண்டு. அதன் முக்கியமான வேலை சொற்பொழிவு அல்ல. உறுப்பினர்களின் படங்களை ஒரு கட்டாகத் தபாலில் சுற்றுக்கு அனுப்புவார்கள். கட்டு ஒரு வீட்டுக்கு வரும். அவர் மற்றவர்களின் படங்களைப் பார்த்து அபிப்ராயம் எழுதுவார், தன் பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதிதொன்றை வைப்பார், அடுத்த வீட்டுக்கு அனுப்புவார். தன் படம் திரும்பி வரும்போது அதோடு பத்துப் பேரின் வசவும் வந்திருக்கும். நம் ஊர்க் கையெழுத்துப் பத்திரிகையேதான். ஒரே பிரதி, கைமாறிக் கைமாறிப் போய், ஓரத்தில் அபிப்ராயங்களோடு திரும்பி வரும். அந்த ஒரே பிரதிப் பத்திரிகைகளில் எழுதிப் பழகியவர்கள் நம்மில் எத்தனை பேர்! எடுக்கிற நண்பருக்கு வேண்டியது அதுதான். அவர் படத்தைப் பார்த்து, கோபுரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் எதுவுமே இல்லை, இரண்டு அட்டைகளை வெட்டி நிறுத்தின மாதிரி இருக்கிறது என்று சொல்ல ஒரு சக தொழிலாளி வேண்டும். 1858-ஐப் பற்றி எவ்வளவு படித்தாலும் அது கிடைக்காது.

*

என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லாமல் இதற்கு மேல் போக முடியவில்லை. சென்ற வருஷம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இடது கண்ணுக்கு ஆறு வாரம் கழித்து. அந்த ஆறு வாரமும் என் இரண்டு கண்களும் ஒத்துழைக்க மறுத்தன. ஒன்றில் தெளிவு, இன்னொன்றில் மங்கல், உருவத்தின் அளவே இரண்டிலும் வேறு. உலகம் தட்டையாயிற்று என்று சொல்ல மாட்டேன். நிழலை வைத்தும், ஒன்றை ஒன்று மறைப்பதை வைத்தும் எது முன்னால் எது பின்னால் என்று கணக்குப் போட முடிந்தது. டம்ளரில் காப்பி ஊற்றும்போது விளிம்பு இங்கே இருக்க வேண்டும் என்று யோசித்து ஊற்றினேன். கே.கே. நகர் குடியிருப்பின் மூன்று மாடிப் படிகளையும் இத்தனை என்று எண்ணிக்கொண்டு இறங்கினேன். படி இருப்பது எனக்குத் தெரியும். எத்தனை அங்குலம் என்பதும் தெரியும். காலுக்குத்தான் தெரியவில்லை.

ஆழத்தை அறிவதும் ஆழத்தைக் காண்பதும் வேறு வேறு என்று அப்போது பிடிபட்டது. அறிவு பொய் அல்ல. அது இல்லாமல் அந்த ஆறு வாரத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் இரண்டாவது கண் திரும்பிய அன்று, ஜன்னலுக்கு வெளியே வேப்பங்கிளை தன் இலைகளுக்கு நடுவில் இருந்த காற்றோடு சேர்ந்து முன்னால் வந்தபோது, ஆறு வாரம் நான் போட்ட கணக்கு எதற்கு மாற்றாக இருந்தது என்று தெரிந்தது.

பழைய அட்டைகளைப் பற்றி எழுதுகிற புத்தகங்கள் பலவற்றில் ஜோடியில் ஒரு பாதியை மட்டும் பெரிதாக்கி அச்சிடுகிறார்கள். பக்கம் மிச்சம், விவரம் தெளிவு. யார் எடுத்தது, எந்த வருஷம், எந்த மண்டபம் எல்லாம் கீழே இருக்கும். அது அந்த வீட்டுக்காரர் கத்தரியால் செய்ததையே படிப்பால் செய்வது. எடுத்தவன் எதற்காக இரண்டு முறை எடுத்தானோ அதைக் கழித்துவிட்டு மற்றதையெல்லாம் பத்திரப்படுத்துவது.

*

நம் விஷயத்துக்கு வருகிறேன்.

சமீப வருஷங்களில் என் மேஜைக்கு வந்த சிறுபத்திரிகைகளை ஒரு மாலையில் அடுக்கிப் பார்த்தேன். நூற்றாண்டுச் சிறப்பிதழ், நினைவு மலர், கிடைக்காமல் போன கதையின் மறுபிரசுரம், யாரோ யாருக்கோ எழுதிய கடிதங்கள், ஒரு பழைய பத்திரிகையின் எல்லா இதழ்களுக்கும் அட்டவணை. இடையில் சங்கோசத்தோடு நான்கைந்து புதுக் கவிதைகள். அவற்றைப் பற்றி அடுத்த இதழில் ஒரு வார்த்தை கிடையாது. கவிதை எழுதிய பையனுக்கு அவன் வரி எங்கே தட்டையாகிவிட்டது என்று சொல்ல ஆள் இல்லை. அவன் தாத்தாவின் தலைமுறை எழுதிய வரிக்குப் பாடபேதம் காட்ட மூன்று பேர் இருக்கிறார்கள்.

வரலாற்றுக்காரர்கள் இன்று நம்மிடம் அதிகம் தேடி வருவது எந்தப் பத்திரிகைக்காக? 'எழுத்து'வுக்காக. 1959-இல் சி.சு. செல்லப்பா அதைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். பின்னால் வரும் ஆராய்ச்சியாளனுக்கு ஆதாரமாக இருக்கட்டும் என்று அவர் அதை நடத்தவில்லை. அன்று எழுதிக்கொண்டிருந்தவனுக்காக நடத்தினார். யாப்பை விட்டுவிட்டு எழுதினால் அது கவிதைதானா என்ற சண்டைக்காக நடத்தினார். அந்தச் சண்டையின் சூடு அந்தப் பக்கங்களில் இருப்பதனால்தான் அது இன்று ஆவணம். எடுக்கிற நண்பரின் கிழிந்த அரைப் பக்கத்துக்கும் இதுவே கதி. கோடாக்ரோம் ஃபிலிமைக் கழுவும் கடைசிக் கூடமும் 2010 முடிவோடு அந்த வேலையை நிறுத்திவிட்டது. அதற்கு முன் எவனோ ஒரு பொழுதுபோக்குக்காரன் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்காக எழுதிய குறிப்புகள்தான் அந்தத் தொழில் எப்படி நடந்தது என்பதற்கு இன்று சாட்சி. செய்கிறவனுக்காக எழுதியது தானாக வரலாறாகிறது. வரலாற்றுக்காக மட்டும் ஒரு பத்திரிகை நடந்தால், ஐம்பது வருஷம் கழித்து வருகிறவன் அதில் நம் காலத்தைப் பற்றி எதைக் கண்டுபிடிப்பான்? நாம் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதை மட்டும்.

இதற்கு எதிரான சாட்சியம் எனக்குத் தெரியாமல் இல்லை. பி.எஸ். ராமையாவின் 'மணிக்கொடி காலம்' ஒரு பத்திரிகையில் தொடராக வந்ததுதான். 'தீபம்' அதை வெளியிட்டிராவிட்டால் நமக்கு மணிக்கொடியைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி தெரிந்திராது. வல்லிக்கண்ணன் புதுக்கவிதையின் வரலாற்றை எழுதியதும் 'தீபம்' இதழ்களில்தான். இரண்டும் சாகித்ய அகாதமிப் பரிசு பெற்றன, வல்லிக்கண்ணனுடையது 1978-இல், ராமையாவுடையது 1982-இல். ஒரு பத்திரிகை வரலாற்றுக்கு இடம் கொடுத்ததால் கெட்டுப்போய்விடவில்லை.

ஆனால் எழுதியவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். ராமையா மணிக்கொடியை 1935-இலிருந்து சிறுகதைப் பத்திரிகையாக நடத்தியவர். கதை வராத மாதம் என்ன செய்வது என்று அறிந்தவர். வல்லிக்கண்ணன் தானே புதுக்கவிதை எழுதியவர். அவர்கள் எழுதிய வரலாறு தொழிலின் ஞாபகம். ஒரு கவிதையை வெளியிட்டபோது என்ன தயக்கம் இருந்தது, எது துணிச்சலாகப் பட்டது, எது சும்மா பக்கம் நிரப்பியது என்பது அதில் இருக்கிறது. இன்று எழுதுகிறவன் அதிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு போகலாம். வருஷத்தையும் இதழ் எண்ணையும் திருத்துகிற கட்டுரையிலிருந்து எடுத்துக்கொண்டு போக அவனுக்கு எதுவும் இல்லை. அந்தக் கட்டுரையும் வேண்டும்தான். அதற்கு இடம் நூலகமும் ஆராய்ச்சிப் பதிப்பும். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் ஆயுள் முழுவதும் சேர்த்தவை, அவர் 1992-இல் காலமானபின், 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அப்படிப்பட்ட இடங்கள் இன்னும் பத்து வேண்டும் என்று சண்டை போடலாம், நானும் வருகிறேன். அவை இல்லை என்பதற்காகப் பதினாறு பக்கத்தை நூலகமாக்குவது நூலகத்துக்கும் உதவாது, பத்திரிகையையும் கொன்றுவிடும்.

*

ஆகவே என் தீர்ப்பு பாதிப் பாதி இல்லை. பத்திரிகை எடுக்கிறவருக்காக. முழுவதும்.

அதில் பழைய படம் வரலாமா என்றால் வரலாம், ஒரு நிபந்தனையின் பேரில். ஜோடியாக, சரியான வரிசையில், வெறும் கண்ணால் சேர்த்துப் பார்க்கும் அளவில் அச்சிட வேண்டும். வாசகன் அதைப் படமாகக் காண முடிய வேண்டும். அதோடு, எடுக்கிறவன் ஒருவன் அதைப் பார்த்து எழுத வேண்டும். இதனால் வரலாறு நஷ்டப்படாது என்பதற்கு எனக்கு ஓர் அனுபவம் உண்டு. சேர்க்கிற நண்பரின் அட்டை ஒன்றை, யார் எடுத்தது என்று தெரியாத தெருக்காட்சி அது, எடுக்கிறவர் கையில் வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தார். "இது ஒத்தை லென்ஸ் காமிரா ஸார், நகர்த்தி நகர்த்தி எடுத்திருக்கான்" என்றார். எப்படி என்று கேட்டதற்கு, இடப்பக்கப் படத்தில் திண்ணை ஓரமாக நின்ற ஆள் வலப்பக்கத்தில் இல்லை என்று காட்டினார். தூண் நிழலும் ஒரு மயிரிழை நகர்ந்திருந்தது. இரண்டு லென்ஸில் ஒரே சமயத்தில் எடுத்திருந்தால் ஆள் இரண்டிலும் இருப்பான், நிழல் நகராது. சேர்க்கிற நண்பரிடம் அந்த அட்டை ஒன்பது வருஷமாக இருக்கிறது. அவர் ஒன்பது வருஷமும் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

டிரைப்பும் அப்படித்தான். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை, காமிராவைப் பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீள் படமாக்கினார். கல்வெட்டைப் படிக்க வந்தவன் எழுத்தைப் படிப்பான். எடுக்கிறவன் அந்த 21 ஒட்டுகளைப் பார்ப்பான். ஒவ்வொரு தடவையும் முக்காலியை எங்கே ஊன்றியிருப்பார், வெயில் ஏறுவதற்குள் எத்தனை முடித்திருப்பார் என்று அவன் கால் கணக்குப் போடும். அடுத்த வாரம் அவன் தஞ்சாவூருக்கு ரயில் ஏறினாலும் ஆச்சரியமில்லை. இப்படி ஒருவனை ரயில் ஏற்றுகிற வரலாறுதான் அந்தப் பதினாறு பக்கத்தில் இடம் கேட்கலாம்.

இதில் நஷ்டம் உண்டு. ஒத்துக்கொள்கிறேன். சேர்க்கிற நண்பரின் நோட்டுப் புத்தகங்களில் இருப்பதில் பத்தில் ஒன்றுகூட அந்தப் பத்திரிகையில் வராது. அவருக்கு வேறு இடமும் இல்லை. அவை அச்சாகாமலே போகலாம். அவருக்கு வயது எழுபதுக்கு மேல். இதை எழுதும்போது கை தயங்குகிறது. ஆனால் அவருடைய நோட்டுப் புத்தகங்களுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் அவற்றைப் புத்தகமாகப் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு நான்கு பக்கம் என்று கிழித்துக் கொடுப்பது அவருக்கும் நியாயமில்லை. புத்தகத்துக்குப் பணம் திரட்ட நம்மில் யாராவது முன்வர வேண்டும். நான் ஒருவன் இருக்கிறேன்.

போன வாரம் மறுபடி மூன்று மாடி ஏறிப் போய் இதைச் சொன்னேன். எடுக்கிறவர் ஒன்றும் சொல்லாமல் முதல் இதழுக்கான தாள்களை எடுத்து வைத்தார். சிவன் பார்க்கில் காலை நடைக்கு வந்தவர்களின் படம் ஒன்று, மையத்துக்கு மையம் 6.5 செண்டிமீட்டர். கீழே, இதில் என்ன தப்பு என்று எழுதுங்கள் என்று ஒரு வரி. சேர்க்கிறவருக்குக் கோபம். "ஒரு நாள் உங்க பத்திரிகையையும் பழைய பேப்பர் கடையிலேர்ந்து நான்தான் மீட்டுக்கிட்டு வரணும், ஞாபகம் வச்சுக்குங்க" என்றார்.

ஆமாம் ஸார், நீங்கள்தான் மீட்க வேண்டும் என்றேன். மீட்கும்படியாக அதில் ஏதாவது இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும். அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அந்தத் தாளைக் கையில் எடுத்து, கண்ணைத் தளர்த்தி, இரண்டு படங்களையும் சேர்த்துப் பார்க்க முயன்றார். பெஞ்சு முன்னால் வரவில்லை என்றார். இடைவெளி போதவில்லை என்று எடுக்கிறவர் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.